ஒன்பது முதல் ஆறு வரை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எந்தத் தம்பி என்று கேட்டுவிடாதே, உனக்கு இருப்பது ஒருவன்தான். நான் சௌக்கியமாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறினால் மட்டும் வலிக்கிறதா, உட்கார்ந்திருந்தாலும் வலிக்க ஆரம்பித்துவிட்டதா?

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறவன் மன்னிப்பில் ஆரம்பிப்பானா, பழைய சண்டையில் ஆரம்பிப்பானா என்று யோசிப்பாய். இரண்டும் இல்லை. ஒரு சட்டச் சந்தேகம். சத்தத்தை அளந்து அளந்தே தலை நரைத்தவள் வீட்டில் ஒருத்தி இருக்கும்போது வெளியே யாரிடம் போய்க் கேட்பது?

நான் இருப்பது மாடி வீட்டில். கீழே ஒரு தையற்காரம்மா, தனியாள். இங்கே சுவரெல்லாம் ஈரம் ஊறுகிறது. அதை உறிஞ்ச ஒரு இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். சக்கரம் வைத்த பெட்டி. விடாமல் ‘உம்’ என்று இரையும், நாலு நொடிக்கு ஒருதரம் ‘புஸ்’ என்று பெருமூச்சு விடும். தன் தலைக்கு மேலே ராத்திரி பூராவும் அது ஓடுகிறது என்று அந்த அம்மா நகராட்சியில் மனுக் கொடுத்துவிட்டார். ஆள் வந்து அளந்தான். ஐம்பத்தொன்று டெசிபல் என்றான். ஜூன் கடைசிக்குள் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஈரத்தில் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதே பெட்டி உன் ஊரில் ஓடினால் குற்றமா, இல்லையா? இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு மணி நேர பஸ் பயணம்தான். அதற்குள் சட்டம் எவ்வளவு மாறும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

போனில் கேட்கலாமே என்பாய். போனில் அதட்டிக்கொண்டே இருப்பாய். கடிதத்தில் ஒரு தடவைதான் அதட்ட முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். 

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு அலுவலகம் போய்விட்டேன். மதியம்தான் பிரித்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல டீயில் காலத்தை ஓட்டுகிறாயா?

கேட்டதற்குப் பதில். எங்கள் ஊரில் குடியிருப்புக்குப் பகலில் ஐம்பத்தைந்து, இரவில் நாற்பத்தைந்து. இரவு என்பது பத்து முதல் ஆறு வரை. புகார் கொடுத்தவர் அறைக்குள்ளேயே, ஜன்னலைத் திறந்துவைத்து, காது உயரத்தில் கருவியை நிறுத்திக் கால் மணி நேரம் அளப்போம்.

உங்கள் ஊரில் பட்டறையும் வீடும் கலந்த பகுதிக்குப் பகலில் அறுபத்தைந்து. அதாவது நாள் முழுக்கக் காதைக் கிழிக்கலாம், ஏனென்று கேட்க நாதியில்லை. ஆனால் இரவு ஒன்பதுக்கே ஆரம்பித்துவிடும், வரம்பு அதே நாற்பத்தைந்து. விடாமல் ஒரே மாதிரி இரைகிற சத்தமாக இருந்தால் அளவோடு ஐந்து கூட்டிக்கொள்வார்கள். உன் பெட்டி உண்மையில் நாற்பத்தாறுதான் இருந்திருக்கும், ஐம்பத்தொன்று என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கூட்டல் கிடையாது. ஒரே ஒரு எண்தான் அதிகம், அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் தீர்ந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, நோயாளி வீட்டில் வைத்திருக்கும் மருத்துவக் கருவி இவற்றுக்கு எங்கள் ஊரில் விலக்கு இருக்கிறது. உங்கள் ஊரில் வீட்டுக்குள் இருக்கும் எதற்கும் விலக்கே இல்லை. உனக்கு இது தேவைப்படாது, ஒப்பிடக் கேட்டாயே என்று எழுதினேன்.

கல் அறுக்கும் பட்டறையில் நாற்பது பேர் முன்னால் நின்றுகொண்டு “எனக்கு அக்காவே கெடையாது, போ” என்று சொன்னவன், ஈரச் சுவருக்காக அக்காவைத் தேடியிருக்கிறாய். இருக்கட்டும். விரிப்பைப் போட்டுவிட்டு ஒரு வாரம் சத்தக் குறிப்பு எழுது. மணி, எவ்வளவு நேரம், என்ன சத்தம். புகாருக்கு எதிராக எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் அதுதான் கேட்பார்கள்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள நீதிபதி அக்காவுக்கு,

அப்பா உன்னை அப்படித்தானே கூப்பிடுவார்! ஒரு ரொட்டித் துண்டைப் பிட்டால்கூட ஸ்கேல் எடுத்து வந்து பார்ப்பாய். நான் சுகம். அங்கே குளிர் எப்படி? ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருக்காதே.

விரிப்புப் போட்டேன். மறுபடி ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். நாற்பத்து நாலு. உடனே ஐந்தைக் கூட்டி நாற்பத்தொன்பது என்று எழுதிவிட்டுப் போனான். “ஒங்க ஊரு கூட்டல்தான் எனக்குப் புரியல தம்பி” என்றேன். “சார், மெஷின் ஒரே மாதிரி கத்துதுல்ல, அதான்” என்றான். மனிதன் மாற்றி மாற்றிக் கத்தினால் ஐந்து மிச்சம் போலிருக்கிறது.

குறிப்பும் எழுதினேன். பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. காலை ஏழு முதல் கீழே தையல் மெஷின். பதினொன்றுக்குத் தபால்காரர் சைக்கிள் மணி, எனக்கு இல்லை. மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர். ஆறரைக்கு எதிர் மாடியில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். மற்றபடி என் பெட்டிதான். ஒரு வாரம் எழுதிய பிறகுதான் கவனித்தேன், அதில் மனிதக் குரல் ஒன்றே ஒன்று, அதுவும் என்னைக் கூப்பிடவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் பழைய மேஸ்திரிக்கு உடம்பு முடியவில்லை. வீட்டில் ஏதோ கருவி வைத்திருக்கிறார். அவருக்காகக் கேட்கிறேன். உங்கள் ஊர் விலக்கு அங்கேயே குடியிருப்பவருக்குத்தானா? வேறு ஊரிலிருந்து வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் கிடைக்காதா? என்னென்ன காகிதம் கேட்பார்கள்? யார் பார்ப்பார்கள்? விவரமாக எழுது. அவசரம் இல்லை. ஆனால் எழுது.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன், திருப்தியா?

மேஸ்திரிக்கு வருத்தம் தெரிவித்ததாகச் சொல். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் விலக்குக் கிடைக்கும். மருத்துவர் சான்று வேண்டும். நோயின் பெயர், எத்தனை வருஷமாக, எந்த வேலையால் வந்தது எல்லாம் அதில் இருக்கும். அது என் மேஜைக்குத்தான் வரும். ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றும் சொல்லிவிடு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். புகார் கொடுத்தவரே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் விதி வளையாது. அந்த அம்மாவைக் குறை சொல்லாதே. தலைக்கு மேலே ஒரே சத்தம் ஓடுவது எப்படிப்பட்ட இம்சை என்று முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழி ஒன்றுதான். ஒன்பது மணிக்கு நிறுத்து, காலை ஆறுக்குப் போடு. ஒரு ராத்திரி ஈரத்தில் சுவர் இடிந்து விழுந்துவிடாது. நீ பிடிவாதக்காரன், அதனால் இதை அறிவுரையாக எழுதவில்லை, உத்தரவாகவே எழுதுகிறேன்.

எனக்கு அக்டோபரில் ஓய்வு. அதற்கு முன்னால் எல்லாப் பழைய கோப்பும் முடிக்க வேண்டும் என்று தினமும் யார் வீட்டிலாவது உட்கார்ந்திருக்கிறேன். அளக்கும்போது யாரும் பேசக்கூடாது என்பது விதி. நான் உள்ளே போனதும் குழந்தைகளைக்கூட வாயை மூடச் சொல்லிவிடுகிறார்கள். கால் மணி நேரம் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார்கள். கிளம்பிப் படியிறங்கும்போது பின்னால் பேச்சும் சிரிப்பும் ஆரம்பிக்கும். முன்பெல்லாம் இதைக் கவனித்ததில்லை.

குறிப்பில் மனிதக் குரல் பற்றி எழுதியிருந்தாய். என் வீட்டிலும் எழுதிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். எழுதவில்லை.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே குறை ஒன்றும் இல்லை. நீ நலம்தானே?

உத்தரவுப்படி நடக்கிறேன். ஒன்பது மணிக்கு நிறுத்துகிறேன், ஆறுக்குப் போடுகிறேன். கீழ் வீட்டம்மாவுக்கு நிம்மதி. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கப் பழகிக்கொண்டேன், முதுகுக்கு அது நல்லதாம்.

மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காகிதம் ரொம்ப அதிகமாம்.

இன்றைக்கு இவ்வளவுதான். கை வலிக்கிறது.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

நான் நலம். இவ்வளவு சுருக்கமாக நீ எழுதி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதினால்கூட ஒரு பக்கம் கதை அளப்பாயே!

என் பேச்சைக் கேட்டு ஒரு காரியம் செய்திருக்கிறாய். வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம்கூடச் சொன்னேன். “ஒங்களுக்குத் தம்பி இருக்காரா மேடம்?” என்று கேட்டாள். இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு சனி, ஞாயிறு இங்கே வந்து தங்கிவிட்டுப் போயேன். பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது. சண்டை போட வேண்டியிருந்தால் மெதுவான குரலில் போடலாம், நாற்பத்தைந்துக்குள்.

பதில் எழுது.

அக்கா


மே 18, பகல் பதினொன்றரை

தம்பி,

உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. காலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். முழங்காலோடு இரண்டு மாடி ஏறுவதற்குள் உன்னைத் திட்டாத திட்டு இல்லை. தட்டினேன். கூப்பிட்டேன். கதவில் காதை வைத்துக்கூடக் கேட்டேன். பேச்சு மூச்சு இல்லை, உன் பெட்டிச் சத்தமும் இல்லை. பகலில் அது ஓடும் என்று எழுதியிருந்தாயே, அது ஓடவில்லை என்றால் நீ வீட்டில் இல்லை. முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ஆளில்லாத வீட்டின் சத்தம் எனக்குத் தெரியும்.

பட்டறைக்குப் போயிருப்பாய். சனிக்கிழமையும் வேலையா? கீழே தையற்காரம்மா எட்டிப் பார்த்தார். நான் உன் அக்கா என்றும், இன்ன வேலை என்றும் சொல்லி விலாசம் கொடுத்திருக்கிறேன். ஏதோ சொல்ல வந்தார், பிறகு மேலே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் புகார்தான் ஞாபகம் வரும் போல.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன். ஒன்றரைக்கு பஸ். உனக்கு இரண்டு சட்டை கொண்டுவந்தேன், கதவுப் பிடியில் மாட்டியிருக்கிறேன். அளவு பழைய அளவுதான், நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு தூரம் வந்தும் பார்க்காமல் போகிறேன். எரிச்சலாக இருக்கிறது. அழுகையாகவும் இருக்கிறது.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

வெளியே போயிருந்தேன். நீ வருவாய் என்று தெரிந்திருந்தால் இருந்திருப்பேன். முழங்கால் வலிக்க வலிக்க ஏறி வந்திருக்கிறாயே, இனிமேல் அப்படிச் செய்யாதே. நான் நலம்.

சட்டை சரியாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 11

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்க தம்பி வீட்டுக்குக் கீழ இருக்கிற தையற்காரி எழுதுறேன். நீங்க நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லை, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன்ல பேசலாம்னா மேல கேட்டுடும். இந்த வீட்டுல மேல தும்மினா கீழ கேட்கும், அவ்வளவுதான் நடுவுல இருக்கிற பலகை.

மனு கொடுத்தது நான்தான். என்னமோ மோட்டார் வச்சிருக்காருன்னு நெனச்சேன். மூணு மாசம் தூக்கமில்லாம கெடந்துதான் கொடுத்தேன். உங்க தம்பி சண்டைக்கு வரலை. “மன்னிச்சுக்கங்கம்மா, ஏற்பாடு பண்றேன்”னாரு. அப்புறம் ஒம்பது மணியானா டக்குனு நின்னுடும்.

நின்னதும் எனக்கு வேற சத்தம் கேட்க ஆரம்பிச்சுது. நாற்காலியை நகர்த்துவாரு. எழுந்து ஜன்னல் வரைக்கும் நடப்பாரு. அஞ்சு எட்டுதான், அதுக்கு நடுவுல ரெண்டு தரம் நின்னுக்குவாரு. அப்புறம் இருமல். விடியுற வரைக்கும் இதேதான். ஆறு மணிக்கு அந்த மெஷின் போட்டதும் அடங்கிடும்.

போன வாரம் மெஷின் பார்க்கிற ஆளு வந்தான். “என்னப்பா இது?”ன்னு படியில நிறுத்திக் கேட்டேன். “ஆக்சிஜன் மெஷின்மா, நுரையீரல் போனவங்களுக்கு வைக்கிறது, ராத்திரிலயும் ஓடணும், இவர் நிறுத்தி நிறுத்திப் போடுறாரு, சொன்னா கேட்க மாட்டேங்கிறாரு”ன்னான். அவரு வேலைக்குப் போயே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. மேல போய், “போட்டுக்கங்கய்யா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்”னேன். “எங்க அக்கா உத்தரவும்மா, அது சட்டம்”னு சிரிக்கிறாரு. சிரிச்சா இருமல் வருது.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், நெஞ்சுல வச்சுக்க முடியலை. நீங்க வந்த அன்னைக்கு அவரு வீட்டுலதான் இருந்தாரு. நீங்க படியில கால் வைக்கும்போது மேல மெஷின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. கீழ்ப்படியிலயே அவரைத் திட்டிக்கிட்டு வந்தீங்க, உங்க குரல் கேட்டதும் அது நின்னுச்சு. நீங்க எழுந்து போற வரைக்கும் நின்னேதான் இருந்துச்சு.

நாளைக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிடுறேன். நீங்க சொன்னாத்தான் கேட்பாரு. சொல்லுங்க.

இப்படிக்கு,
கீழ் வீட்டுத் தையற்காரி


ஜூன் 13
(தையற்காரம்மாவுக்கு வந்த உறைக்குள் இருந்தது)

முதலில் இயந்திரத்தைப் போடு. போட்டுவிட்டுப் படி.

போட்டாயா?

இந்த அம்மா எனக்கு எழுதிவிட்டார். இனி ஈரம், சுவர், மேஸ்திரி என்று காதில் பூச்சுற்றாதே.

நேற்று பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். பிறகு என் குரல் கேட்டால் நீ மறுபடியும் நிறுத்திவிடுவாய் என்று பயம் வந்தது. பஸ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பியைப் பார்க்கப் போவதே அவன் மூச்சை நிறுத்துகிற காரியமாகிவிட்ட அக்கா உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா? அதனால்தான் இந்தக் கடிதத்தை அந்த அம்மா கையால் உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ராத்திரி ஈரத்தில் சுவர் இடிந்துவிடாது என்று எழுதினேன். எழுதிய கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நான் சொன்னதைச் செய்துகொண்டிருந்தாய். எனக்குத் தண்டனை கொடுக்க வேறு வழி கிடைக்கவில்லையா?

இல்லை, உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. ஆறு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் உங்கள் பட்டறை இருந்தபோது மூன்று தடவை அளக்க வந்தேன். முதல் இரண்டு தடவையும் வரம்புக்குள்தான் இருந்தது, முதலாளி சுற்றிலும் கனமான சுவர் எழுப்பியிருந்தார். மூன்றாம் தடவைக்கு முந்தின வாரம் நீ என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். நீ போன பிறகு கை கழுவும் தொட்டியைப் பார்த்தேன். நீ துப்பியிருந்தது சாம்பல் நிறத்தில் இருந்தது. வேலையை விடு என்றால் சிரிப்பாய். தூசிக்கு எங்கள் ஊரில் விதி இல்லை, சத்தத்துக்குத்தான் இருந்தது. மூன்றாம் தடவை கருவி காட்டியது ஐம்பத்திரண்டு. நான் எழுதியது ஐம்பத்தெட்டு.

என் முப்பது வருஷத்தில் அது ஒன்றுதான் பொய்க் கணக்கு. பட்டறையை மூடினால் நீ வேறு வேலை தேடிக்கொள்வாய் என்று நினைத்தேன். அது அறுபத்தைந்து இருக்கிற ஊருக்குப் போகும், சுவர்கூட இல்லாமல் நடக்கும், நீயும் பின்னாலேயே போவாய் என்று நினைக்கவில்லை. இரண்டு ஊர் விதியும் மனப்பாடமாகத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லை.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அங்கே தள்ளியது நான். இப்போது ராத்திரியில் மூச்சையும் நிறுத்தச் சொன்னது நான். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இயந்திரத்தை மட்டும் நிறுத்தாதே. ஒன்பதுக்கும் நிறுத்தாதே, நான் வந்தாலும் நிறுத்தாதே.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். ஐந்து நாளாக நிற்கவே இல்லை. கீழ் வீட்டம்மா ஒன்பது மணிக்கு மாடிப்படியில் நின்று “ஓடுதாய்யா?” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். மனுவையும் வாங்கிவிட்டார். புகார் இல்லாவிட்டால் விதி இல்லை, நீ எழுதியதுதான். ஆகவே ஜூன் கடைசிக்குப் பிறகும் என் விலாசம் இதுவேதான். நீ சாப்பிட்டாயா? இந்த ஒரு வாரம் நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்.

இதை மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

உன் பொய்க் கணக்கு எனக்கு அன்றைக்கே தெரியும். நீ அளந்த அன்று காலையிலிருந்து பெரிய ரம்பம் ஓடவில்லை, பெல்ட் அறுந்து கிடந்தது. அதை ஓட்டுகிறவன் நான்தானே? சின்ன ரம்பங்களை வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வரவே வராது. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்கும். சொல்லவில்லை. ஆனால் இருபது பேருக்கு வேலை போய்விட்டது, மிச்சம் இருபது பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார்கள். என் அக்கா செய்த காரியம். அவர்களைப் போகவிட்டு நான் மட்டும் உன் பின்னறையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? அதனால்தான் பட்டறையில் எல்லோர் முன்னாலும் அப்படிக் கத்தினேன். கத்தாமல் போயிருந்தால் யாருக்காவது நம் இருவர்மேலும் சந்தேகம் வந்திருக்கும்.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது என் பொய்க் கணக்கு. மூன்று வருஷம் இருந்தது. பிறகு கோபப்படவும் மூச்சுப் போதவில்லை, விட்டுவிட்டேன்.

முதல் கடிதம் எழுதியபோது உன் வீட்டுக்கு வந்துவிடலாமா என்றுதான் இருந்தேன். உங்கள் ஊர்க் கணக்கில் என் பெட்டி குற்றமே இல்லை என்று படித்ததும் துணிகூட எடுத்து வைத்தேன். மருத்துவர் சான்று உன் மேஜைக்கு வரும், எந்த வேலையால் வந்தது என்று நீ ஒரு வரி விடாமல் படிப்பாய் என்று எழுதினாய். அந்த வரியை நீ படிக்க வேண்டாம் என்று நினைத்தேன். உனக்குத் தண்டனை கொடுக்க நினைத்திருந்தால் அந்தச் சான்றைத்தான் அனுப்பியிருப்பேன், தெரிகிறதா? ராத்திரியில் நிறுத்தியது வேறு. ஆறு வருஷத்துக்குப் பிறகு என் அக்கா ஒரு காரியம் சொல்லியிருக்கிறாள், அதைக்கூடச் செய்யாமல் இருப்பதா என்று. முட்டாள்தனம்தான். இந்த வயதில் புதிதாக எங்கே போய் புத்தி வாங்குவது?

இப்போது நான் வர முடியாது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் இது இல்லாமல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீதான் வர வேண்டும். அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே வா. கதவைத் தாழ் போட மாட்டேன். வந்து எவ்வளவு வேண்டுமானாலும் அதட்டு, பகலில் இங்கே அறுபத்தைந்து வரைக்கும் அனுமதி உண்டு.

நீ படியில் உட்கார்ந்து எழுதிய அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கதவுக்கு இந்தப் பக்கம், தரையில். நீ பேனாவை உதறியது கேட்டது. மூக்கை உறிஞ்சியது கேட்டது. முழங்காலை நீட்டி “அம்மாடி” என்றாய். இரண்டு முறை கதவைத் திறக்கக் கை தூக்கினேன். என் கோலத்தைப் பார்த்தால் உனக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று கையைக் கீழே போட்டேன். மூச்சு முட்டியது, ஆனாலும் நீ எழுந்து போய்விடக் கூடாது என்றுதான் இருந்தது.

நீ படியிறங்கிப் போன பிறகும் வெகுநேரம் நான் இயந்திரத்தைப் போடவில்லை. ஒருவேளை நீ பாதியில் திரும்பி வந்தால், அந்த இரைச்சலில் உன் காலடிச் சத்தம் எனக்குக் கேட்காமல் போய்விடுமே.

உன் தம்பி